பாஸ்போர்ட் வேண்டாம்... விசா வேண்டாம்... கச்சத்தீவில் ஒரு ராத்திரி!

ராமேஸ்வரம் மீன்பிடித் துறைமுகத்தில் ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் புறப்படும் விசைப்படகுகளில் வலை இருக்காது, ஐஸ் பெட்டி இருக்காது. அந்த இடத்தில் பாட்டிகள், கைக்குழந்தைகள், பாய், போர்வை, கட்டுச்சோறு. ஆதார் அட்டையைக் காட்டி, போலீஸ், சுங்கத்துறை சோதனையெல்லாம் தாண்டிப் படகு ஏறினால், இரண்டு மூன்று மணி நேரத்தில் வேறொரு நாடு. கையில் பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போகிற வழி இதுதான்.

விழா பெரும்பாலும் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ, கிறிஸ்தவர்களின் தவக்காலத்தில் வரும். போக விரும்புகிறவர்கள் பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. மது, வியாபாரச் சரக்கு எதற்கும் அனுமதி இல்லை. எல்லைக்கோடு வரை இந்தியக் கடலோரக் காவல்படைக் கப்பல் கூடவே வரும். கோட்டைத் தாண்டியதும் இலங்கைக் கடற்படை பொறுப்பேற்கும். மற்ற நாள்களில் எந்தக் கப்பலைப் பார்த்து மீனவர்கள் படகைத் திருப்புவார்களோ, அன்று அதே கப்பல்தான் துணைக்கு வரும்.

தீவு இறங்கியதும் பலருக்கு ஓர் ஏமாற்றம். 'இதுக்கா இவ்வளவு சண்டை?' மொத்தப் பரப்பே 285 ஏக்கர். ஊர் இல்லை, வீடு இல்லை, குடிநீர் இல்லை. முட்செடி, மணல், அந்தோனியார் கோயில். அவ்வளவுதான். பழைய கோயிலை 1905-ல் ராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த சீனிவாச படையாச்சி கட்டியதாகச் சொல்வார்கள். அதன் அருகிலேயே இலங்கைக் கடற்படை கட்டிய பெரிய கோயில் 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது.

கடல்காரர்கள் இந்தப் புனிதரைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. கத்தோலிக்கர்கள் மத்தியில் அந்தோனியார் காணாமல்போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர். ரிமினி என்ற இத்தாலிய ஊரில் மக்கள் காது கொடுக்காதபோது, அவர் கடற்கரைக்குப் போய் மீன்களுக்குப் பிரசங்கம் செய்தார் என்று ஒரு கதையும் உண்டு. படகையும் ஆளையும் கடலில் தொலைக்கிற அபாயத்தோடு வாழ்கிறவர்களுக்கு வேறு யார் பொருந்துவார்கள்?

அண்ணேயும் அண்ணையும்

அந்தப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்காரர்கள் பஸ் பிடித்துக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து நெடுந்தீவு வழியாகப் படகில் வருகிறார்கள். தெற்கிலிருந்து சிங்களக் கத்தோலிக்கர்களும் வருகிறார்கள். மாலையில் கொடியேற்றம். பிறகு தீவைச் சுற்றிச் சிலுவைப்பாதை. இருட்டியதும் அந்தோனியார் தேர்பவனி. தமிழிலும் சிங்களத்திலும் ஜெபங்கள் கேட்கும். யாருக்கும் அறை கிடையாது. மணலில் பாயை விரித்தால் அதுதான் வீடு. பக்கத்துப் பாயில் எந்த நாட்டுக்காரர் என்று பேச்சுக் கொடுத்தால்தான் தெரியும்.

பேச்சு தொடங்கியதும் தெரிந்துவிடும். ராமேஸ்வரத்துக்காரர் 'அண்ணே' என்பார், யாழ்ப்பாணத்துக்காரர் 'அண்ணை' என்பார். இவர் 'பேசுவோம்' என்றால் அவர் 'கதைப்பம்' என்பார். இவருக்கு டீ, அவருக்குத் தேத்தண்ணி. சிங்களக் குடும்பங்களோடு பேச வார்த்தை போதாது. அங்கே சிரிப்பும் சைகையும், இரண்டு மொழியும் தெரிந்த யாராவது ஒருவரும் கைகொடுக்க வேண்டும்.

போருக்கு முன்பு இந்த விழா பாதி கோயில், பாதி சந்தை. இங்கிருந்து சேலையும் கைலியும் போகும், அங்கிருந்து சோப்பும் தேங்காய் எண்ணெயும் வரும். பெண் பார்ப்பதும் நடந்ததாகப் பாக்கு நீரிணைக் கரையோர முதியவர்கள் சொல்வார்கள். இன்று சோதனைகள் அதிகம். ஆனாலும் இலங்கைச் சோப்பு ஒன்றாவது பையில் இல்லாமல் திரும்புகிறவர்கள் குறைவு!

காகிதத்தில் ஒரு வரி

இந்தச் சந்திப்புக்கு ஒரு சட்டப் பிடிமானம் உண்டு. 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனது. எல்லைக்கோடு தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளி வரையப்பட்டது. அதே ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் வழக்கம்போல் கச்சத்தீவுக்கு வந்து போகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது. மீன்பிடிக்கும் விஷயத்தில் 1976 கடிதப் பரிமாற்றம் கதவைச் சாத்தியது. அதற்குப் பிறகு வருடா வருடம் உயிரோடு இருப்பது யாத்திரிகர் பாதி மட்டும்தான்.

அதுவும் எப்போதும் இருந்ததில்லை. 1980-களில் இலங்கையில் போர் மூண்டதும் விழா நின்றது. 2002 போர்நிறுத்தத்தின்போது மீண்டும் கொடியேறியது. 2009-ல் போர் முடிந்த பிறகுதான் ஓரளவு நிலைத்தது. 2017 மார்ச்சில், விழாவுக்குச் சில நாள்களுக்கு முன்பு, ராமேஸ்வரத்து இளம் மீனவர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுடவில்லை என்று இலங்கைக் கடற்படை மறுத்தது. அந்த வருடம் இந்தியப் பக்கத்திலிருந்து விழாவுக்குப் போகாமல் புறக்கணித்தார்கள். பிறகு கொரோனா. 2024 பிப்ரவரியில், எல்லை தாண்டிய வழக்கில் படகோட்டிகளுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து மறுபடியும் புறக்கணிப்பு. 2025 மார்ச் 14, 15 தேதிகளில் இந்தியாவிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். கடலில் அந்த வருடம் நிலவரம் எப்படி என்று தெரிய வேண்டுமா? திருவிழாவுக்கு எத்தனை படகு போனது என்று கேட்டால் போதும்.

மணலில் பேச முடியாத பேச்சு

இதைத் 'தொப்புள்கொடி உறவு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நம் ஊர் மேடைகளின் வழக்கம். தீவில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுப்பவர்களுக்கு நடுவே ஒரு நிஜமான வழக்கு இருக்கிறது.

போர்க் காலத்தில் வடக்கு இலங்கைத் தமிழ் மீனவர்கள் பல வருடங்கள் கடலுக்குள் இறங்கவே தடை. அந்த இடைவெளியில் இந்திய விசைப்படகுகள் அந்தக் கடலில் பழகிவிட்டன. போர் முடிந்து அவர்கள் சிறு படகும் செவுள்வலையுமாகத் திரும்பியபோது, தரையோடு தரையாக இழுத்துப் போகும் இழுவலைகள் அவர்கள் போட்டுவைத்த வலைகளை அறுத்தன. 2017-ல் இழுவைமடியை இலங்கை நாடாளுமன்றம் சட்டம் போட்டே தடை செய்தது. அப்படிச் சட்டம் கேட்டுப் போராடியவர்கள் சிங்களவர்கள் அல்ல, பெரும்பாலும் தமிழ் மீனவர்கள். தமிழ்நாட்டில் இந்தப் பாதியைப் பேசுகிறவர்கள் ரொம்பக் குறைவு.

ராமேஸ்வரத்துக்காரர் நிலைமையும் லேசில்லை. எல்லைக்கோடு பக்கத்தில், இந்தியப் பக்கத்துக் கடல் குறுகல், படகுகளோ அதிகம். பிடிபட்டால் ஆள் திரும்பி வந்தாலும் படகு வருவது அபூர்வம். படகு போனால் அதன்மீது வாங்கிய கடன் போகாது.

எந்த அதிகாரியும் நடுவில் உட்காராமல், வலை அறுபட்டவரும் படகு பறிபோனவரும் நேருக்கு நேர் பார்க்கிற இடம் கச்சத்தீவு மணல்தான். அங்கே தீர்வு எழுதப்படுவதில்லை. ஆனால், வலை அறுபட்டால் எத்தனை நாள் அடுப்பு எரியாது என்பதை டி.வி. விவாதத்தில் கேட்பது வேறு, பக்கத்துப் பாய்க்காரர் சொல்லிக் கேட்பது வேறு. 2025 விழா முடிந்த அதே மாதத்தில் ராமேஸ்வரம் மீனவப் பிரதிநிதிகள் வவுனியா போய் வடமாகாண மீனவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். உடன்பாடு வரவில்லை. பேச்சு நிற்கவுமில்லை.

அந்த வருடம் செப்டம்பர் 1-ம் தேதி இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க தீவுக்கே போய் இறங்கினார். கச்சத்தீவில் கால் வைத்த முதல் இலங்கை அதிபர் அவர்தான். தேர்தல் நெருங்கினால் இந்தியப் பக்கத்திலும் தீவின் பெயர் மேடை ஏறும்.

விழாவின் இரண்டாம் நாள் காலையில் கூட்டுத் திருப்பலி. அது முடிந்ததும் கொடி இறங்கும். பாய்களைச் சுருட்டிக்கொண்டு, மணலைத் தட்டிவிட்டு, ஒரு கூட்டம் மேற்கே, ஒரு கூட்டம் கிழக்கே. எல்லைக்கோடு வரை இலங்கைக் கடற்படை கூட வரும், பிறகு இந்தியக் கப்பல். மதியத்துக்குள் ராமேஸ்வரம் வந்துவிடலாம். படகைக் கழுவி, அடுத்த டோக்கன் நாளுக்கு வலையை ஏற்றத் தொடங்குவார்கள்.