நூறு பேரில் ஒருவன்

இருபத்தாறு வருஷம் சமூக அறிவியல் நடத்தியவன் நான். உள்ளாட்சிப் பாடம் வந்துவிட்டால் எனக்குத் தனி உற்சாகம். அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமங்களைக் கடுமையாகச் சாடியது, வரைவில் ஊராட்சி என்ற பேச்சே இல்லாமல் இருந்து 1948-இல் கே. சந்தானம் திருத்தம் கொண்டுவந்தது, அது 40-ஆவது பிரிவாகி வெறும் வழிகாட்டு நெறியாகவே கிடந்தது, 1993-இல் 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்து கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் கிடைத்தது என்று மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பேன். "சட்டசபையில் உனக்காக எம்.எல்.ஏ. உட்காருவார். கிராம சபையில் உனக்காக யாரும் உட்கார முடியாது. வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறினால் நீயே உறுப்பினர்" என்பேன்.

அந்தக் கிராம சபைக்கு நான் போனதே இல்லை. போனதாகக் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன்.

முதல் தடவை 2013 ஆகஸ்ட் 15. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிட்ட அசதியில் திண்ணையில் சாய்ந்திருந்தேன். ஊராட்சிச் செயலர் நீள நோட்டோடு வந்தான். என்னிடம் படித்தவன்தான். "சார், நாப்பத்தெட்டுப் பேருதான் வந்தாங்க. கோரம் இல்ல. ஒரு கையெழுத்து."

எங்கள் ஊரில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை என்றால் நூறு பேர் வேண்டும். போட்டேன். "அம்மாவுக்கும் சார்" என்றான். என் மனைவி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்புவானேன் என்று அதையும் நானே போட்டேன். தீர்மானம் எழுதவேண்டிய பக்கம் காலியாக இருந்தது. எழுதாத பத்திரத்தில் கைநாட்டு வைக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர் என் அப்பா.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி: நோட்டு வரும், அவனுக்குக் காபி, எனக்குப் பேனா. பாவம், பையன் அலைகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெயிலில் போய் உட்கார எனக்குச் சோம்பல், அவ்வளவுதான்.

பின்தெருக் கிழவி ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றாள். கீற்றுக் கொட்டகையில் இருப்பவள். தொகுப்பு வீட்டுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"கேட்டா, ஊரே கூடி ஒத்துக்கிட்ட பட்டியல்னு நோட்டக் காட்டுறாங்க. பேரன் படிச்சுச் சொன்னான். ஒங்க பேரும் இருக்குதாமே வாத்தியாரையா?"

"அது வேற எதுக்கோ போட்டது பாட்டி" என்றேன். ஒன்பதாம் வகுப்புப் பையன்கூட நம்பமாட்டான். அவள் நம்பினாள். சரிங்க ஐயா என்று போய்விட்டாள்.

அடுத்த ஜனவரி 26-க்குப் போனேன். கோயில் வேப்பமரத்தடியில் ஜமுக்காளம். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து பேரன் எழுதிக்கொடுத்த மனுவை நீட்டினாள். அப்போதாவது எழுந்து, பழைய தீர்மானத்தில் என் கையெழுத்து பொய் என்று சொல்லியிருக்கலாம். பயனாளிகளைப் பார்த்து ஒப்புக்கொள்வது இந்த சபையின் வேலை என்பதும் எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. நோட்டு சுற்றிவந்தபோது பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். என் பெயருக்குக் கீழே என் மனைவியின் பெயர், கரும்பலகையில் எழுதுகிற அதே உருண்டை எழுத்தில்.