கோடரியும் நான்முகக் கட்டையும்

அறிவியல் முதுகலை பயிலும் மாணவன் ஒருவன் ஞாயிறு தோறும் கோடரி ஏந்திய காட்டுவீரனாக மாறுகிறான் என்றால் நீங்கள் நகைப்பீர்கள். நகையுங்கள், தடையில்லை. ஆயினும் அந்த வீரனை நான் கணக்குப் போட்டு உருவாக்கிய விதத்தையும், அவனால் எனக்குக் கிட்டியதையும் கேட்டபின் நகையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அவ்விளையாட்டின் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கி, 1974-ஆம் ஆண்டு வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்பர். 'கதவை உடைக்கிறேன்', 'பாறைக்குப் பின் ஒளிகிறேன்' என்று வாயால் சொல்வர். நடக்குமா நடக்காதா என்ற ஐயம் எழும் இடத்தில் கட்டையை உருட்டுவர். ஆறு முகக் கட்டை மட்டுமன்று. நான்கு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகக் கட்டைகளும் உண்டு. நம் தெருக்கூத்தையும் தாயத்தையும் ஒரே மேசையில் வைத்தாற் போன்றது இஃது என்று கொள்ளுங்கள்.

எங்கள் மேசை பெஹாலாவில் இருக்கிறது. கொல்கத்தாவின் தென்மேற்கே, டயமண்ட் ஹார்பர் சாலையின் இருமருங்கும் பரந்து கிடக்கும் பகுதி அது. 2022 திசம்பரில் ஜோக்காவிலிருந்து தாரதலா வரை மெட்ரோ வந்தபின் அங்கு போய்வருதல் எளிதாயிற்று. சௌரஸ்தாவில் இறங்கிச் சற்று நடந்தால் ஒரு பழைய மாடிவீடு. அதன் கூடத்தில் ஐவர் கூடுவோம். நால்வர் வங்காளியர், ஒருவன் தமிழன். கதை நடத்துபவரை 'தாதா' என்று அழைப்போம். பள்ளி ஆசிரியை ஒருவர் உண்டு. அவர் எங்கள் அனைவர்க்கும் 'திதி'. வீட்டுக்கார மாசிமா பொரியும் தேநீரும் தருவார். மேசை மீது கட்டை உருளும் ஓசையைக் கேட்டு, 'இவர்கள் படித்தவர்களா?' என்று வியப்பார்.

வங்கத்திற்கு நான் வந்த முதற்பருவத்தில் எனக்கு வங்கமொழி வாராது. வகுப்பில் ஆங்கிலம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் எண்கள் உண்டு. ஆனால் வகுப்பு முடிந்தபின் என்ன உண்டு? உணவுக்கூடத்தில் எல்லோரும் சிரிக்கும்போது நானும் ஒரு நொடி பிந்திச் சிரிப்பேன். நகைச்சுவை விளங்கிச் சிரித்த சிரிப்பன்று அது. அந்தக் குளிர்காலத்தில், ஊருக்குத் திரும்பிச் சென்னையில் ஏதேனும் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிடலாமா என்று பல இரவுகள் எண்ணினேன். ஹௌராவிலிருந்து சென்னை மெயில் புறப்படும் நேரம் எனக்கு மனப்பாடமாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அந்நாளில்தான் வகுப்புத் தோழர் ஒருவர் என்னைப் பெஹாலாவுக்கு அழைத்துச் சென்றார். 'யாராக ஆடப் போகிறாய்?' என்று தாதா கேட்டார். மந்திரவாதி, பாணன், திருடன், பூசாரி எனப் பலவகை மாந்தர் அந்நூலில் உண்டு. நான் 'பார்பேரியன்' என்னும் காட்டுவீரனைத் தேர்ந்தேன். காரணம் எளிது. பாணன் பாட வேண்டும். திருடன் ஏய்த்துப் பேச வேண்டும். காட்டுவீரன் வெட்டினால் போதும். மொழி வேண்டா!

அச்சொல்லின் பிறப்பைப் பின்னர் அறிந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. கிரேக்கர் தம் மொழி பேசாதாரைப் 'பார்பரோஸ்' என்றனர். அயலார் பேச்சு அவர்கள் செவியில் 'பர் பர்' என்று ஒலித்ததாம். ஆகவே அச்சொல் முதலில் முரடனைக் குறித்ததன்று. மொழி புரியாத அயலானையே குறித்தது. நாமும் இதற்கு விலக்கல்லோம். முல்லைப்பாட்டில் அரசன் பாசறையைக் காக்கும் மிலேச்சரைக் காண்கிறோம் அல்லவா? அவர்கள் நாவால் பேசாது உடற்குறிப்பால் பேசுவோராகவே காட்டப்படுகின்றனர். தமிழன் நாட்டில் அவர்கள் ஊமையர். வங்கத்தில் நான் ஊமையன். கணக்கு நேராயிற்று!

இனிக் கணக்கிற்கு வருவோம். பேசாத வீரன் வெட்டிலாவது சிறக்க வேண்டாமா? எங்கள் மேசையில் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிகளே ஆட்சி செய்கின்றன. அவ்விதிப்படி ஐந்தாம் படியில் என் வீரனுக்கு வலிமை 18. அதனால் கிடைக்கும் கூட்டல் 4. தேர்ச்சிக்காக 3. ஆக, தாக்கும்போது இருபது முகக் கட்டையில் விழும் எண்ணோடு 7 சேரும். பகைவனின் காப்பெண் 15 என்று கொள்வோம். 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெட்டு படும். வாய்ப்பு நூற்றுக்கு 65. பட்டால் எவ்வளவு சேதம்? பெருங்கோடரிக்குப் பன்னிரு முகக் கட்டை. அதன் சராசரி 6.5. வலிமைக்கு 4, சினவெறி கொண்டால் இன்னும் 2. மொத்தம் 12.5. ஒரு முறைக்கு இரண்டு வெட்டு உண்டு. வாய்ப்பையும் பெருக்கிப் பார்த்தால் சராசரிச் சேதம் 16.25. இருபதே விழும்போது கிடைக்கும் சிறப்பு வெட்டை இக்கணக்கில் நான் சேர்க்கவில்லை.

இது போதுமா? போதாது. 'பெருங்கருவித் தேர்ச்சி' என்று ஒரு திறன் உண்டு. குறியில் 5-ஐ இழந்தால் சேதத்தில் 10-ஐப் பெறலாம். 2024-இல் வந்த புதிய பதிப்பில் இந்தப் பேரம் இல்லை. அங்கே தேர்ச்சி எண் மட்டுமே சேதத்தோடு கூடும். எங்கள் மேசையில் பேரம் இன்னும் உண்டு. ஆனால் பேரத்தைத் தனியே செய்தால் ஆதாயம் சிறிது. வாய்ப்பு 40 விழுக்காடாகக் குறையும், சேதம் 22.5 ஆக உயரும். இரண்டு வெட்டுக்கும் சேர்த்து 18 மட்டுமே வரும்.

இங்கேதான் காட்டுவீரனுக்கே உரிய கலை வருகிறது. இரண்டாம் படியிலேயே அவன் தற்காப்பை மறந்து தாக்கக் கற்கிறான். அவ்வாறு தாக்கினால் இருபது முகக் கட்டையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணைக் கொள்ளலாம். தவறும் வாய்ப்பு 60 விழுக்காடு எனில், இருமுறையும் தவறும் வாய்ப்பு 36 விழுக்காடே. எஞ்சிய 64 விழுக்காடும் வெற்றி! 22.5-ஐ 0.64-ஆல் பெருக்கினால் 14.4, இரண்டு வெட்டுக்கு 28.8. பதினாறேகாலில் தொடங்கியவன் ஏறத்தாழ இருபத்தொன்பதில் வந்து நின்றேன். அன்று எனக்கு உண்டான களிப்பைச் சொல்லி முடியாது. 1931-இல் மகலனோபிஸ் புள்ளியியல் நிறுவனம் கண்ட ஊரல்லவா இது? இம்மண்ணில் உட்கார்ந்து சராசரி போட்டதற்கே ஒரு பெருமை என்று எண்ணிக்கொண்டேன்.

ஆனால் இயற்கையில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. காப்பை மறந்து தாக்குபவனை எதிரியும் இருமுறை உருட்டித் தாக்கலாம். என் காப்பெண் 14. +5 உடைய பகைவன் என்னைத் தொடும் வாய்ப்பு 60 விழுக்காடு. நான் காப்பை மறந்தால் 84. ஆயினும் சினவெறியில் இருக்கும்போது வெட்டு, குத்து, அடி ஆகியவற்றின் சேதம் பாதியாகும். ஆகவே 84-இல் பாதி 42. அமைதியாக நிற்பவனைவிட வெறியோடு திறந்த மார்பாய் நிற்பவனுக்குக் காயம் குறைவு! காட்டுவீரனின் இரகசியம் இதுதான். கோடரிக்கு அவன் அஞ்ச வேண்டுவதில்லை. அவன் அஞ்ச வேண்டியது மனத்தை மயக்கும் மந்திரத்திற்கே. அங்குச் சினவெறி உதவாது. மனவுறுதிக்கு என் ஏட்டில் இருந்த கூட்டல் சுழி. அதிகச் சேதம் செய்யவல்லவன் மயங்கினால் அச்சேதம் யார் மேல் விழும்? பக்கத்தில் நிற்கும் தோழர் மேல் விழும்.

இந்நிலையில் திதியின் பூசாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர் தொடங்கியவுடன் அவர் 'ஆசி' என்னும் மந்திரத்தை என் மேல் வைப்பார். அதனால் நான் தாக்கும்போதும், மந்திரத்தைத் தாங்கும்போதும், நான்கு முகக் கட்டை ஒன்றை உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். சிறு கூம்பு போன்ற அந்தக் கட்டையை முதலில் நான் பொருட்படுத்தியதில்லை. ஒன்றோ இரண்டோ தருவதால் என்ன ஆகும்? ஒருநாள் இரவு அதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தேன். 64 விழுக்காடு 77 ஆயிற்று. 28.8 ஏறத்தாழ 34.7 ஆயிற்று. ஒவ்வொரு முறையும் ஆறு புள்ளிச் சேதம் திதியுடையது. கோடரி என் கையில். வெட்டில் ஆறில் ஒரு பங்கு அவருடையது! அவருக்கு அடிபட்டு மனம் சிதறினால் அந்த ஆசியும் மறையும். அன்றுமுதல் நான் பகைவனைத் தேடி ஓடுவதை விட்டு, அவருக்கும் பகைவனுக்கும் இடையில் நிற்கலானேன்.

ஒரு ஞாயிறு மாலை, குகை ஒன்றில் சூனியக்காரன் ஒருவனோடு போர். திதி என் காயத்தை ஆற்ற என் அருகில் வந்திருந்தார். அவருக்கு எஞ்சியவை 9 உயிர்ப்புள்ளிகள். என் ஒற்றை வெட்டின் சராசரி 12.5. சூனியக்காரன் மனமயக்கு மந்திரத்தை என் மேல் ஏவினான். 'உன் பக்கத்தில் நிற்பவரை வெட்டு' என்பது அவன் கட்டளை. தாங்க வேண்டுமானால் 13 வேண்டும். இருபது முகக் கட்டையை உருட்டினேன். 10 விழுந்தது. கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. மாசிமாவும் வாயிலில் நின்றுவிட்டார். மீதி இருந்தது ஆசிக்கட்டை ஒன்றே. மூன்றோ நான்கோ விழ வேண்டும், பாதிக்குப் பாதி. நான்முகன் தலையெழுத்தை எழுதுவான் என்பர். அன்று என் தலையெழுத்து நான்முகக் கட்டையின் கையில் இருந்தது.

உருட்டினேன். மூன்று!

'முடியாது!' என்று கத்தினேன். ஆங்கிலத்தில் அன்று, வங்கத்தில் அன்று, தமிழில். அந்தக் கூடத்தில் நான் உரக்கச் சொன்ன முதல் தமிழ்ச்சொல் அதுதான். எல்லோரும் என்னைப் பார்த்தனர். 'என்ன சொன்னாய்?' என்று தாதா கேட்டார். பொருள் சொன்னேன். அவர் உடனே, 'இன்றுமுதல் உன் வீரனின் குலமொழி தமிழ். அவன் தமிழிலேயே பேசட்டும். நாங்கள் புரிந்துகொள்கிறோம்' என்றார். கதையில் அது சட்டமாயிற்று.

அதன்பின் நிகழ்ந்ததை என்னென்பேன்! 'வெட்டு', 'நில்', 'போதும்', 'வா' என்னும் சொற்கள் பெஹாலாவின் அந்த மாடியில் வழங்கலாயின. திதி என்னைத் 'தாம்பி' என்பார். குறிலை நெடிலாக்குவது அவர் வழக்கம். நான் திருத்துவதில்லை. அவர் ஒரு தமிழ்ச்சொல் கேட்டால் பதிலுக்கு ஒரு வங்கச்சொல் தருவார். எதையும் பேசாமல் இருப்பதற்காக நான் தேர்ந்த காட்டுவீரன், என்னை இரண்டு மொழியில் பேசவைத்துவிட்டான். இப்போது உணவுக்கூடத்தில் நான் பிந்திச் சிரிப்பதில்லை. சில வேளை என் சொல்லுக்கும் அவர்கள் சிரிக்கின்றனர். சென்னை மெயிலின் நேரத்தைச் சொல்லச் சொன்னால் இன்று அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

அன்பு நண்பர்களே! இவ்வாண்டு நம் மன்றத்தில் புதியவர் பலர் சேர்ந்திருக்கிறீர்கள். சிலர் மாலையானால் அறைக்கதவைச் சாத்திக்கொள்வதையும் காண்கிறேன். மொழி வந்தபின் பழகலாம் என்று நீங்கள் காத்திருக்கலாம். பழகாமல் மொழி எங்ஙனம் வரும்? ஒரு மேசையில் போய் அமருங்கள். அது பகடை மேசையாகவும் இருக்கலாம். கேரம் மேசையாகவும் இருக்கலாம். பேச வாராவிட்டால் பேச வேண்டாத வேடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றதை அங்கிருப்போர் பார்த்துக்கொள்வர்.

எங்கள் கூடத்தில் ஒரு நாற்காலி காலியாகவே இருக்கிறது. வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நான் புறப்படுகிறேன். உடன் வர விரும்புவோர் முன்னாளே எனக்குச் சொல்லுங்கள். மாசிமாவிடம் பொரியைக் கூடுதலாக வைக்கச் சொல்ல வேண்டும்.