கல்லாப் பெட்டிக்கு வாரிசு யார்?

எங்கள் பெரியப்பாவுக்குக் கும்பகோணத்தில் ஜவுளிக் கடை. தீபாவளி சமயத்தில் அங்கே கால் வைக்க இடம் இராது. கல்லாப் பெட்டியின் அருகே உட்கார்ந்து சில்லறை எண்ணுவதைவிடப் பெரிய சொர்க்கம் குழந்தைகளான எங்களுக்குக் கிடையாது.

அந்தக் கடைக்குக் கணக்கு எழுதியது யார் தெரியுமா? பெரியப்பாவின் மூத்த பெண்! பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, இரவில் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றிவிடுவாள். எந்தப் புடவை எந்த மாதம் விலை போகும், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரிடம் சிரித்தபடியே ரொக்கம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் தம்பிக்கோ மோட்டார் என்றால் உயிர்; துணி என்றால் தூக்கம்.

பெரியப்பா கண்ணை மூடினார். கல்லாவில் உட்கார்ந்தவன் தம்பிதான். அக்கா கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். அவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழே வருஷத்தில் கடையை மூடும்படி ஆயிற்று.

இது ஏதோ நம் ஊர் விதி என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! டென்மார்க் தேசத்தில் 1994 முதல் 2002 வரை தலைமை கை மாறிய 5,334 சம்பவங்களை நான்கு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். தலைவருக்கு முதல் குழந்தை ஆணாக இருந்தால், பொறுப்பு குடும்பத்துக்குள்ளேயே போவது அங்கேயும் அதிகமாம்! அப்படிக் குடும்பத்தாரிடம் கொடுத்ததால், நூறு ரூபாய் முதலுக்குக் கிடைக்கும் லாபத்தில் குறைந்தது 4 ரூபாய் சரிந்தது என்று கணக்குக் காட்டினார்கள்.

அப்படியானால் குடும்பத் தொழிலே கூடாதா? அதுவும் இல்லை. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளில் குடும்பத்தின் கை இருப்பவை மற்றவற்றைவிட நன்றாக நடப்பதாக 2003-ல் வந்த ஓர் ஆராய்ச்சி சொன்னது. சொந்தக்காரன் கண் படும் பயிர் வேறுதானே? ஆனால் 2006-ல் வந்த இன்னொன்று, அந்தச் சிறப்பு தொழிலை ஆரம்பித்தவர் காலத்தில்தான். வாரிசு தலைமைக்கு வந்ததும் போய்விடுகிறது என்றது.

ஜப்பானியர் இதற்கு ஒரு யுக்தி வைத்திருக்கிறார்கள். கெட்டிக்கார இளைஞனைப் பார்த்து, பெண்ணைக் கொடுத்து, தங்கள் குடும்பப் பெயரையும் சூட்டி, சுவீகாரம் எடுத்துக்கொண்டுவிடுவார்கள். நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் கேலி. அங்கே அவர் முதலாளி! நம் தெருக்களில் மாருதி கார் ஓடக் காரணமானவர்களில் ஒருவரான ஒசாமு சுஸூகி இப்படி வந்தவர்தான். பிறந்த வீட்டுப் பெயர் மட்சுதா. 1909-ல் தறி இயந்திரத் தொழில் தொடங்கிய மிச்சியோ சுஸூகியின் பேத்தியை மணந்து, 1978-ல் கம்பெனித் தலைவரானார். 2024-ல் தமது 94-வது வயதில் காலமானார்.

மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்கலாம், பிள்ளையைத் தேர்ந்தெடுக்க முடியுமா? ஆனால் பெற்ற பெண்ணே பேரேட்டோடு எதிரில் நிற்கும்போது, அவளை ஏன் தேர்ந்தெடுக்கக் கூடாது? கூட்டுக் குடும்பச் சொத்தில் இந்துப் பெண்களுக்குச் சம பங்கு தர, தமிழ்நாட்டில் 1989-லும் தேசம் முழுவதற்கும் 2005-லும் சட்டம் வந்தது. பங்கைச் சட்டம் கொடுக்கும். பொறுப்பை வீட்டார்தான் கொடுக்க வேண்டும்.

போன மாதம் அக்காவைப் பார்த்தபோது, தம்பியைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். அவள் குறுக்கிட்டாள்:

"அவனை ஏன் வைகிறாய்? பாவம், அவன் கேட்டா வாங்கிக்கொண்டான்? என்னையும் கேட்கவில்லை, அவனையும் கேட்கவில்லை."

உங்கள் வீட்டில் ஒரு கடையோ பட்டறையோ இருந்தால், இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையையும் பெண்ணையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்!