கண்ணோட்டம்

"கல்லடி பட்டாலும் கண்ணடி படலாகாது" என்பது நம் முன்னோர் மொழி. ஒருவர் பார்வையே மற்றொருவருக்குத் தீங்கு விளைக்கும் என்னும் நம்பிக்கை நம்மவர் நெஞ்சில் ஆழ வேரூன்றியுள்ளது. கற்றோரும் இதற்கு விலக்கல்லர். யானும் விலக்கல்லேன் என்பதைச் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் உணர்ந்தேன். அவ்வுணர்ச்சி நாணத்தோடு வந்ததாயினும், பிறர்க்குப் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

'மெட்ராஸ் ஐ' என நம் நாட்டார் வழங்கும் கண்ணோய் அப்பொழுது எங்கள் விடுதியிற் புகுந்தது. என் அறைத் தோழன் ஒரு நாட்காலை, கண்கள் சிவந்து, இமைகள் பீளையால் ஒட்டிக்கொள்ள எழுந்தான். நோயுற்ற கண்ணை நோக்கினால் நோய் தொற்றும் என்று சிறு பருவம் முதற் கேட்டிருந்த யான், அன்று முதல் அவன் முகத்தை நோக்கவில்லை. என் பாயைச் சுவரோரம் மாற்றிக்கொண்டேன். அவனுக்கு முதுகு காட்டியே படித்தேன். அவன் என் குறிப்பறிந்து, கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, "நண்பா, நீ என்னைப் பார்க்க வேண்டாம், குடிக்கத் தண்ணீர் மட்டும் வைத்துவிட்டுப் போ" என்றான். யானும் தலை குனிந்தபடியே குவளையை வைத்துவிட்டு விரைந்து வெளியேறினேன்.

அந்நாளில் யான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பகுதி யாதெனின், திருக்குறளின் 58ஆம் அதிகாரமாகிய கண்ணோட்டம்! பிறர் துன்பத்தின்மேற் கண் சென்று இரங்குதல் என அதற்குப் பொருள் எழுதி மனனஞ் செய்தவன், மூன்றடித் தொலைவில் துன்புற்றுக் கிடந்தவன்மேற் கண் செலுத்த அஞ்சினேன்.

எட்டாம் நாள் என் கண்களும் சிவந்தன. நோக்காதிருந்தும் நோய் வந்த வகை யாதெனத் திகைத்தேன். மருத்துவர் அதனைக் கேட்டு நகைத்து, "தம்பி, இந்நோய் பார்வையில் ஏறி வருவதில்லை, கையில் ஏறி வரும். உங்கள் அறையில் துவாலை எத்தனை?" என்றார். யான் விடை கூறவில்லை. கொடியிற் கிடந்தது ஒரே துவாலை. அதனையும், கதவின் தாழ்ப்பாளையும், தண்ணீர்க் குடத்தின் மூடியையும் அவன் தொட்டபின் யானும் தொட்டு, உறக்கக் கலக்கத்திற் கண்ணைக் கசக்கியது நினைவுக்கு வந்தது.

நலமுற்றபின், விஞ்ஞானம் பயிலும் நண்பர் ஒருவரிடம் நூல்கள் பெற்று இந்நோயின் வரலாற்றைப் படித்தேன். இதனை விளைக்கும் நுண்மங்கள் பல. அவற்றுள் முதன்மையானது அடினோ வைரஸ். 1953இல் அமெரிக்காவில் வாலஸ் ரோ என்பாரும் அவர்தம் துணைவரும், சிறுவர்களிடமிருந்து அறுத்து நீக்கப்பட்ட அடினாய்டு என்னும் மூக்கின் பின்புறச் சதையைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்தனர். நாட்கள் சென்றபின் அவ்வுயிரணுக்கள் தாமே சிதைந்தன. ஆராய்ந்தவிடத்து, அச்சதையில் ஒரு வைரஸ் ஒளிந்திருந்தமை புலனாயிற்று. 1954இல் ஹில்மேன், வெர்னர் என்னும் இருவர், காய்ச்சலுற்ற படைவீரர்களிடம் அதன் இனத்தையே கண்டனர். 1956இல், சுரப்பி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினடியாக அடினோ வைரஸ் என்னும் பெயர் நிலைபெற்றது.

மனிதரைப் பற்றும் அடினோ வைரஸ்களில் 50க்கு மேற்பட்ட வகைகள் உள. சில தொண்டை நோயும் காய்ச்சலும் தரும். 40, 41 என்னும் வகைகள் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். 8ஆம் வகை கண்ணைக் கடுமையாகத் தாக்கும். ஒரு மில்லிமீட்டரைப் 10,000 கூறிட்டால் ஒரு கூற்றினும் சிறியதாகிய இவ்வைரஸ், 20 முக்கோண முகங்களும் 12 முனைகளும் உடையது. முனைதோறும் நீண்டு நிற்கும் இழையாலேயே அது நம் உயிரணுவைப் பற்றுகின்றது. கொழுப்புறை இல்லாமையால், உலர்ந்த பொருள்களின்மேலும் பல நாள் அழியாதிருக்கும். கண் மருத்துவரின் விரல்களாலும், கண்ணின் அழுத்தம் அளக்கும் கருவியாலுமே இந்நோய் ஒருவரிடமிருந்து பலருக்குப் பரவியதும் உண்டு. இக்கண்ணோய் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானே தணியும். தனித் துவாலையும், சோப்பிட்டுக் கைகழுவும் வழக்கமுமே சிறந்த காப்பாகும்.

இனி, யான் மறக்கவொண்ணாதது ஒன்றைக் கூறி முடிப்பேன். ஒளி பொறாமல் யான் கண்மூடிக் கிடந்த நாளில், நோய் நீங்கிய அத்தோழன் என் எதிரே வந்து அமர்ந்தான். "என்னைப் பாராதே" என்றேன். "ஒருவரும் முகம் பாராதிருப்பது எத்துணைத் துன்பம் என்பதை நான் அறிவேன்" என்று கூறி, என் பாடத்தை எடுத்து வாசிக்கலானான். அவன் வாசித்தது அந்தக் கண்ணோட்ட அதிகாரமே. எரிகோவுக்குச் செல்லும் வழியிற் குற்றுயிராய்க் கிடந்தவனை விட்டு விலகிப் போன இருவரைப்பற்றி வேதபாட வகுப்பிற் பன்முறை கேட்டிருக்கின்றேன். அவர்களேனும் அவனைக் கண்டபின் விலகினர். யானோ காணவும் மறுத்தேன்.

கைகழுவுதல் என்னும் தொடர்க்குக் கைவிடுதல் என்ற பொருளும் நம் மொழியில் உண்டு. மாணாக்க நண்பர்காள், நோய் வருங்காலத்து நம் கைகளை நன்கு கழுவுவோமாக. நம் நண்பரைக் கைகழுவாதிருப்போமாக.