மலையேற ஒரு சீட்டு

உதகமண்டலத்துக்குப் போவதென்று தீர்மானித்தால், முன்னெல்லாம் பெட்டி படுக்கையைத்தான் முதலில் தேடுவோம். இப்போது கைப்பேசியைத் தேடுகிறோம்.

சென்ற 2025-ம் ஆண்டு மே மாதத்தில் நாங்களும் அப்படித்தான் தேடினோம். முதல் ஆசை மலை ரயிலின் மேல். 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் உதகைக்கும் வந்து சேர்ந்த அந்த ரயில், தண்டவாளத்தின் பற்களைச் சக்கரத்தால் கவ்விக் கவ்வி மலையேறும் அழகை அத்தைக்குக் காட்ட வேண்டுமென்று எனக்கு எண்ணம். ஆனால் பல ஊர்க்காரர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே சீட்டு வாங்கிவிட்டார்கள். எங்களுக்குக் காத்திருப்போர் பட்டியல்தான் மிச்சம். ஆகவே காரில் கிளம்பினோம்.

காருக்கும் சீட்டு உண்டு. 'இ-பாஸ்' என்று அதற்குப் பெயர். கோடையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 வாகனங்கள் நீலகிரிக்கு ஏறுவதாக 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அவ்வளவையும் தாங்க மலைப் பாதைக்கும் காட்டுக்கும் தண்ணீருக்கும் சக்தி ஏது? அவ்வாண்டு மே 7 முதல் இந்தச் சீட்டு அமலுக்கு வந்தது. 2025 கோடைக்கு நீதிமன்றம் ஒரு வரம்பும் கட்டியது: சாதாரண நாட்களில் 6,000 வெளியூர் வாகனங்கள், சனி, ஞாயிறுகளில் 8,000. அரசாங்க பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. பெயர், வண்டி எண், தங்கும் நாட்கள் எல்லாம் எழுதிக் கேட்டு வாங்கிய சீட்டு, என் கைப்பேசியில் கறுப்புக் கட்டங்களாலான கோலம்போல் தெரிந்தது.

"மலையைப் பார்க்கவும் அனுமதியா!" என்று நான் அலுத்துக்கொண்டேன்.

"கல்யாணப் பந்தியில் இலை எண்ணிப் போடுவதில்லையா? பாத்திரத்தில் இருப்பது சமையற்காரனுக்குத்தானே தெரியும்" என்றாள் அத்தை.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

எங்களுக்கு முன்னால் பழைய கார் ஒன்றில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அவரிடம் இருந்தது பொத்தான் வைத்த சிறிய பேசி. சீட்டு என்ற ஒன்று வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு, திரும்பிப் போவதா நிற்பதா என்று தெரியாமல் விழித்தார். எங்கள் டிரைவர் இறங்கிப் போனார். "ஐயா, வண்டி நம்பரைச் சொல்லுங்கள்" என்று கேட்டுத் தம் கைப்பேசியிலேயே எல்லாவற்றையும் எழுதினார். பத்து நிமிஷத்தில் சீட்டு வந்துவிட்டது. பெரியவர் கும்பிட்டார். டிரைவருக்கு வெட்கமாய்ப் போயிற்று.

பர்லியாற்றைக் கடந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறும்போது அத்தை சன்னல் வழியே காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அந்தப் பெரியவர் நினைவாகவே இருந்தது. இலை எண்ணுவது நியாயந்தான். மலை நாளைக்கும் இருக்க வேண்டுமே! ஆனால் எண்ணுகிற யந்திரத்துக்கு, பந்தி வாசலில் தயங்கி நிற்பவரைத் தெரியாது. அவரை அழைத்து உட்கார வைக்க ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

மலைக்குப் போகும் நேயர்கள் தங்கள் சீட்டை மறவாமல் வாங்கிக்கொள்ளட்டும். வழியில் விழித்து நிற்பவர் யாராவது இருந்தால், அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கட்டும்.