அழகர் உடுத்திய பச்சை

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் மொழி. அதன் பொருளை எனக்கு உணர்த்தியது ஒரு நோட்டீசு!

2024ஆம் ஆண்டுச் சித்திரைத் திருவிழாவுக்கு வில்லாபுரத்தில் எங்கள் தெருவார் நீர்மோர்ப் பந்தல் போட முடிவு செய்தனர். கணிப்பொறி கற்றவள் என்று நோட்டீசுப் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். முந்திய ஆண்டு வைகையில் இறங்கிய அழகரின் படத்தை நடுவில் அமைத்தேன். திரையில் பச்சைப் பட்டு மரகதமாய் மின்னியது. பெருமையோடு அச்சகத்துக்கு அனுப்பினேன்.

கட்டு வந்தது. பிரித்துப் பார்த்த அப்பத்தா கேட்டார்: "ஏத்தா, சாமிக்குப் பாசியவா கட்டிவிட்டிருக்க?"

நான் கூனிக் குறுகிப் போனேன். அழகர் உடுத்திவரும் பட்டின் நிறத்தைக் கொண்டு அவ்வாண்டின் பலன் சொல்வது மதுரை வழக்கம். பச்சை என்றால் நாடு செழிக்கும். அந்தப் பச்சையையல்லவா நான் மங்க வைத்துவிட்டேன்!

அச்சகத்து அண்ணன் சிரித்தார். "படத்தை ஆர்.ஜி.பி.யிலேயே அனுப்பிட்டியேம்மா. திரை விளக்கு, தாள் விளக்கா?"

இயற்பியல் மாணவியாகிய எனக்கு அது சாட்டையடி. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கூட்டி 1861இல் மாக்ஸ்வெல் வண்ணப்படம் காட்டியதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். திரையும் அவ்வாறே ஒளியைக் கூட்டுகிறது. மூன்றும் நிறைந்தால் வெள்ளை. அச்சு மையோ ஒளியை விழுங்குகிறது. சயான் சிவப்பையும், மஜந்தா பச்சையையும், மஞ்சள் நீலத்தையும் உண்கின்றன. மூன்றும் சேர்ந்தால் கலங்கிய பழுப்புத்தான் வரும். ஆகவே கறுப்பு தனியே வேண்டும். இதுவே சி.எம்.ஒய்.கே. திரையின் பளிச்சென்ற பச்சைகள் பல இந்த நான்கு மைக்குள் அடங்குவதில்லை. ஏட்டில் படித்தேன், வாழ்வில் மறந்தேன்!

"புதுமைப் பெண்" திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயாக வந்த தொகையில் இரண்டு மாதத்துப் பணத்தை எடுத்தேன். மூலப்படத்தைப் பத்திரப்படுத்தி, நகலை மட்டும் மாற்றினேன். ஒருமுறை மாற்றியபின் பழைய முறைக்குத் திருப்பினாலும் இழந்த நிறம் மீளாது அல்லவா? அச்சில் அடங்காத இடங்களைப் போட்டோஷாப்பே காட்டியது. பட்டில் கலந்திருந்த மஜந்தாவையும் கறுப்பையும் குறைத்தேன். எழுத்துகளைக் கறுப்பு மையில் மட்டும் அமைத்தேன். நான்கு மையிலும் அடித்தால், தாள் சற்று நகர்ந்தாலும் எழுத்து கலங்கும். மாதிரித்தாள் ஒன்றைக் கண்ட பின்னரே அச்சிடச் சொன்னேன்.

மரகதம் வரவில்லை, ஆனால் பாசி மறைந்தது. "இப்பத்தான் பட்டு மாதிரி இருக்கு" என்றார் அப்பத்தா.

ஏப்ரல் 23 காலை, பச்சைப் பட்டுடுத்தி ஆற்றில் இறங்கினார் அழகர். நேரில் கண்ட அந்தப் பச்சை திரையிலும் இல்லை, தாளிலும் இல்லை.

தோழியரே, அடுத்த மலருக்கு அட்டைப்படம் தருபவர்கள் தீர விசாரித்துத் தாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு, இயற்பியல்