கொம்பில்லாத மான்

முதல்லயே சொல்லிடறேன், நான் சுத்த அசைவம். அதனால இது 'ஐயோ பாவம் மான்' டைப் புலம்பல் இல்ல.

செங்கல்பட்டுக்காரனுக்கும் வெளிமானுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்பீங்க. வெள்ளைக்காரன் காலத்துல எங்க ஜில்லாவுக்குத் தலைமையிடம் சைதாப்பேட்டை. அதுக்குப் பக்கத்துலதான் கிண்டிக் காடு. ஆக, கிண்டி மானெல்லாம் எங்க ஜில்லாக்காரங்க (கொஞ்சம் ஓவர்தான், விடுங்க). ஆனா வெளிமானை நின்னு நிதானமாப் பார்க்கக் கத்துக்கிட்டது கிண்டியில இல்ல, டெக்சாஸ்ல.

ஆன்சைட்ல இருந்த நேரம். நம்ம வெளிமானை 1932ல அங்கே எட்வர்ட்ஸ் பீடபூமியில கொண்டுபோய் விட்டிருக்காங்க. நல்லாப் பெருகிடுச்சு. தனியார் பண்ணையில காசு கட்டினா சுடலாம். வெளிநாட்டு மிருகம்ங்கறதால சீசன் கட்டுப்பாடெல்லாம் கிடையாது, வேட்டை லைசென்ஸ் இருந்தாப் போதும். கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் "வேடிக்கை பார்க்க வர்றியா"ன்னார். போனேன்.

அவருக்குக் கிடைச்ச அனுமதி வளர்ந்த பெண் மானுக்கு மட்டும். முறுக்குக் கொம்போட கறுப்பு வெள்ளையா நிக்கிற ஆணுக்கு விலை எக்கச்சக்கம், அது சுவத்துல மாட்டற ஐட்டம். ஆனா மந்தை அளவுக்கு மீறிப் பெருகாம இருக்கணும்னா பெண்ணைத்தான் குறைக்கணும். ஒரு ஆண் போனா அந்த இடத்தை இன்னொரு ஆண் பிடிச்சுக்கும், குட்டி கணக்கு மாறாது.

கொம்பு இல்லாததைச் சுட வேண்டியதுதானே, இதுல என்ன கஷ்டம்? அங்கதான் மேட்டரே இருக்கு. இளவட்ட ஆணும் பெண் மாதிரியே பழுப்பு நிறம்தான். அதே வெள்ளை வயிறு, அதே வெள்ளைக் கண் வளையம். முதல் வருஷக் கொம்பு முறுக்கில்லாம நேரா, குச்சி மாதிரி இருக்கும். காது அதை மறைச்சுடும். பண்ணைக்காரர் சொன்ன ரூல் ஒண்ணே ஒண்ணு: தலையைத் தூக்கி ரெண்டு பக்கமும் திருப்பற வரைக்கும் விரல் டிரிக்கர் பக்கமே போகக் கூடாது.

அடுத்தது வயசு. தனியா நிக்கிற மானை வச்சு சைஸ் சொல்லவே முடியாது. பக்கத்துல இன்னொண்ணு நிக்கணும். குட்டிக்கு முகம் கட்டையா இருக்கும், உடம்பு கிட்டத்தட்ட சதுரம். வளர்ந்த பெண்ணுக்கு முகம் நீளம், உடம்பும் நீளம், வயிறு இறங்கியிருக்கும். இதெல்லாம் சரியா இருந்தும் ஒண்ணை விட்டுட்டார். மடி கனத்திருந்தது. வெளிமான் குட்டியைப் புல்லுக்குள்ள ஒளிச்சு வச்சுட்டுத்தான் மேய வரும். நம்ம கண்ணுக்குக் குட்டி தெரியலைங்கறதுக்காகக் குட்டியே இல்லைன்னு ஆயிடுமா?

ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரே வெடி. துப்பாக்கியை என்கிட்டயும் நீட்டினாங்க, வேண்டாம்னுட்டேன். என்கிட்ட லைசென்ஸ் இல்ல, மனசும் வரல. ஆனா ராத்திரி கறி சாப்பிட்டேன். போன்ல சொன்னதும் அம்மா, "அடப்பாவி, மானையா தின்ன?"ன்னு கேட்டதோட சரி, ரெண்டு நாள் பேசல.

இதே காரியத்தை இங்க செஞ்சா 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் உள்ள. வெளிமான் அட்டவணை ஒண்ணுல இருக்கு. 1972ல வனவிலங்குச் சட்டம் வந்தப்போ லைசென்ஸ் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. அப்பவே 15ஆவது பிரிவு, தனி அனுமதி இல்லாமப் பெண்ணையும் குட்டியையும் தொடக்கூடாதுன்னுச்சு. 1991 திருத்தத்துல அந்தப் பிரிவையே எடுத்துட்டாங்க, லைசென்ஸ் வேட்டையே போனதுக்கப்புறம் அது எதுக்கு?

என்னைக் கேட்டா ரெண்டு ஊர்ச் சட்டமும் அந்தந்த ஊருக்குச் சரி. அங்க மான் அதிகம், இங்க புல்வெளி கம்மி. கோடியக்கரையில 1967லயே சரணாலயம் வந்தாச்சு, ஆனா புல்வெளியை சீமைக்கருவேலம் தின்னுக்கிட்டிருக்கு. அங்கெல்லாம் மான் கணக்கெடுக்கிறவங்களுக்கும் இதே கண்ணுதான் வேணும். எல்லாரும் கொம்பனைத்தான் போட்டோ எடுக்கறாங்க, வருஷா வருஷம் மந்தை நிக்குமா நிக்காதாங்கறது அந்தப் பழுப்பு மானுங்க கையில இருக்கு.

கிண்டிக்குப் போறவங்களுக்கு ஒரு டிப்ஸ். புள்ளிமான் ஆண் வருஷா வருஷம் கொம்பை உதிர்த்துட்டு மொட்டையா நிக்கும். அதனால கொம்பில்லாத புள்ளிமானைப் பெண்ணுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. வெளிமான் கொம்பு உதிராது. வளர்ந்த வெளிமானுக்குக் கொம்பு இல்லைன்னா அநேகமாப் பெண்ணேதான். (கொம்பு முளைச்ச பெண்ணும் அபூர்வமா உண்டு.)

போன மாசம் ஃப்ரெண்ட்ஸோட மாமல்லபுரம். கடற்கரைக் கோயில்ல ஒரு கல் சிங்கம் உண்டு, நெஞ்சுல குழிச்சு அதுக்குள்ள துர்க்கை. பக்கத்துலயே தலை உடைஞ்ச மான். பழந்தமிழ்ல ஆணுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை. கொற்றவைக்கு வாகனம் கலை. இதையெல்லாம் நான் பெருமையா அளந்துக்கிட்டிருக்கும்போது ஒருத்தன் குறுக்கே வந்தான்.

"சரி மச்சி, அப்ப இது கலையா, பிணையா?"

"தலை இல்லையேடா."

"டெக்சாஸ்ல ரெண்டு மணி நேரம் பார்த்தியாமே, பார்த்துச் சொல்லு."

குனிஞ்சு வயித்துப் பக்கம் பார்த்தேன். செக்யூரிட்டி விசில் அடிச்சுட்டார்.